எந்த ஊர், எந்தப் பக்கம்

மாதக் கடைசி வந்தால் எங்கள் பிளாக்கில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் லாரி நிற்கும். ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போவார்கள். பீரோ, கட்டில், பழைய சேலையில் சுற்றிய டிவி, தொட்டியோடு ரோஜாச் செடி. லாரி வடலூர்ப் பக்கம் திரும்பினால் தஞ்சாவூர், கும்பகோணம் போகிறது என்று அர்த்தம். பண்ருட்டிப் பக்கம் திரும்பினால் பெரும்பாலும் சென்னை. நெய்வேலியில் வாழ்ந்த யாரும் நெய்வேலியிலேயே தங்கிவிட முடியாது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

2013இல் இந்த லாரிகளைக் கண்டாலே என் கணவருக்கு எரிச்சல் வரத் தொடங்கியது. அவர் சுரங்கத்தில் மண்ணை வெட்டி அள்ளும் பக்கெட் வீல் எந்திரம் ஓட்டினார். ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை. முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சாப்பிடாமல் முன் அறைக்கும் பின்கட்டுக்கும் நடப்பார். கேட்டால், "ஒண்ணுமில்ல, காலு மரத்துப் போச்சு" என்பார். தெருவில் லாரி நிற்கும் நாட்களில்தான் கால் மரத்துப் போகிறது என்பதை நான் கொஞ்சம் தாமதமாகவே கவனித்தேன்.

நான் அப்போது நகரியத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டுப் பாடம் வரும்போது பிள்ளைகளை வரைபடம் போடச் சொல்வேன். முதலில் கடற்கரைக் கோடு. பழவேற்காட்டில் தொடங்கி, கோடிக்கரையில் மூக்கு நீட்டி, குமரி முனையில் வளைந்து முடிகிற அந்தக் கோடு சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பிறகு அவரவர் சொந்த ஊரில் ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். நாகர்கோவில், தேனி, ஆம்பூர், மன்னார்குடி என்று மாநிலம் முழுக்கப் புள்ளிகள் விழும். பிள்ளைகள் எல்லாரும் நெய்வேலி ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்தான். ஆனால் நெய்வேலியின் மேல் ஒருவரும் புள்ளி வைக்க மாட்டார்கள்.

இதை ஒருநாள் வேடிக்கையாக வீட்டில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னிய வெக்கச் சொன்னா நான் எங்க வெப்பேன்?" என்றார்.

அவர் பிறந்த ஊர் முதல் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. ஊர் காலியானபோது அவர் தாயின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை. நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் இறங்கியவர்கள். எடுத்துப்போக இவர்களிடம் கூரைக் கழிகள்தான் இருந்தன. அதைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, நகரியத்தின் ஓரத்தில் குடிசை போட்டார்கள். அங்கேதான் அவர் வளர்ந்தார். முதலில் கான்ட்ராக்ட் வேலை, பிறகு பர்மனென்ட், பிறகு எந்திரம். தெற்கே தூத்துக்குடிக் கடலோரத்திலிருந்து, அதே மாதிரி ஒரு குடும்பத்திலிருந்து, நான் கல்யாணமாகி வந்தேன்.

அவர் ஊருக்காக ஏங்குகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஊரில் ஒரு மரம், ஒரு குளம் அவருக்கு ஞாபகமில்லை. ஊர் இருந்த இடத்தை எந்த வருடம் எந்திரம் வெட்டியது என்றும் தெரியாது. பள்ளம் வெட்டி, நிலக்கரி எடுத்து, மண்ணைத் திரும்பக் கொட்டி, இப்போது அதன்மேல் மரம் வளர்ந்து நிற்கிறது. அவரை அலைக்கழித்தது ஏக்கம் இல்லை. எல்லாருக்கும் லாரியை நிறுத்தச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது, தனக்கு இல்லை என்பதுதான்.

அதன் பிறகு வார ஓய்வு நாட்களில் வீட்டில் தங்கவே மாட்டார். எங்கேயாவது வீடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், பஸ் ஏறிவிடுவார். கடலூர், விருத்தாசலம், சிதம்பரம், திண்டிவனம். திரும்பி வந்து குறை சொல்வார். ஓர் ஊரில் தண்ணீர் உப்பு. ஓர் ஊரில் பஸ் இல்லை. ஓர் ஊரில் வீடு நன்றாக இருந்தது, ஆனால் தெருவில் நின்றபோது ஏதோ சரியில்லை. என்ன சரியில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் கணினி வேலை. அவள் தாம்பரத்துக்கு அப்பால் புதிதாக எழும்பியிருந்த ஒரு அடுக்குமாடியைக் காட்ட எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் கட்டடம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த சமயத்தில் செய்தித்தாளில் வந்ததை நான் வகுப்பில் படித்துக் காட்டியிருந்தேன்: மாநிலத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் நகரங்களுக்கு வந்துவிட்டார்கள், சென்னையை ஒட்டிய மாவட்டம் எல்லாவற்றையும்விட வேகமாகப் பெருகியிருக்கிறது, மலை மாவட்டம் ஒன்று மட்டும் குறைந்திருக்கிறது. படிக்கும்போது அது வெறும் தகவலாக இருந்தது. இங்கே அது சிமென்ட் வாசனையோடு கண்முன் நின்றது.

பால்கனியிலிருந்து பார்த்தேன். எதிரே கோரைப்புல். நாரைகள் நின்றன. இடத்தின் பெயர் 'தாங்கல்' என்று முடிந்தது; தாங்கல் என்றால் சிறு ஏரி. முன்பு இங்கே ஏரி இருந்ததா என்று தரகரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக, எல்லாம் பட்டா நிலம் என்றார். வருடம் முழுக்க ஓடும் ஆறு அநேகமாக இல்லாத மாநிலம் இது, அதனால்தான் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள், இப்போது ஏரிக்குள் வீடு கட்டினால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று நான் ஆரம்பித்தேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, இங்க கிளாஸ் எடுக்காத. ப்ளீஸ்."

என் கணவருக்கு ஏரியைப் பற்றிக் கவலை இல்லை. அவர் பார்த்தது வேறு. ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நின்ற வீடுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் குவார்ட்டர்ஸ் மாதிரியே இருக்குது" என்றார்.

"அப்ப உங்களுக்குப் பழகினதுதானே?" என்றேன்.

"இங்கருந்தும் காலி பண்ணிக்கினு போ சொன்னா?"

சொந்த வீட்டிலிருந்து யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள் என்று மகள் விளக்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. அவர் அம்மாவுக்கும் யாரோ ஒருகாலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மகள் கோபத்தோடு எங்களை பஸ் ஏற்றிவிட்டாள்.

அந்தக் கோடை விடுமுறையில் என் ஊருக்குப் போனோம். அண்ணன், வீட்டில் ஓர் அறையை ஒழித்துத் தருகிறேன் என்று கூப்பிட்டிருந்தார். அங்கே பிரச்சினை தலைகீழாக இருந்தது. தெருவுக்குப் பாதி வீடு பூட்டு. இளைஞர்கள் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள். பகலில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்டது. இவர் தினமும் கடற்கரை வரை போவார், உடனே திரும்பி வருவார், மறுபடி போவார். உட்கார்ந்து கடலைப் பார்த்தாரா என்றால் இல்லை. புறப்படலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். அண்ணன் குறையேதும் வைக்கவில்லை, ஆனால் எத்தனை நாள் அந்த வீட்டில் மாப்பிள்ளையாகவே உட்கார்ந்திருப்பது என்று இவர் கேட்டார். அதுவும் நியாயம்தான்.

எங்கள் தேடலில் ஒரு வீடு மட்டும் இருவருக்கும் பிடித்தது. பண்ருட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஓட்டு வீடு, பின்னால் கிணறு, காய்த்துத் தொங்கும் பலா. முதலில் வாடகைக்கு இருந்து பார்க்கலாம், ஒத்துவந்தால் விலைபேசிக்கொள்ளலாம் என்று உரிமையாளர் போனில் சொல்லியிருந்தார். முந்திரி வியாபாரம் செய்கிற பெரியவர். நாங்கள் போனதும் நாற்காலி போட்டார். அவர் மனைவி மோர் கொடுத்தார். என் கணவர் கிணற்றை எட்டிப் பார்த்தார், பலா மரத்தைத் தட்டிப் பார்த்தார். மாதக்கணக்கில் நான் பார்க்காத ஓர் இளக்கம் அவர் முகத்தில் இருந்தது. மரத்தடியில் ஒரு பெஞ்சு போடலாம் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பிறகு பெரியவர் சொந்த ஊர் எது என்று கேட்டார். இவர் தன் ஊரின் பெயரைச் சொன்னார். நான் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டதே அபூர்வம்.

பெரியவருக்கு மகிழ்ச்சி. "அட, அந்த ஊர் எங்களுக்குத் தெரியுங்களே. எங்க அத்தைய அங்கதான் குடுத்திருந்தாங்க. சின்ன வயசுல வந்திருக்கேன்." கொஞ்சம் யோசித்தார். "அதுல நீங்க எந்தப் பக்கம்ங்க?"

நான் இவரைப் பார்த்தேன். நகரியத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. அங்கே எந்த பிளாக் என்று கேட்பார்கள், என்ன கிரேடு என்று கேட்பார்கள். குவார்ட்டர்ஸின் அளவை வைத்து ஆளை எடைபோடுவார்கள். அதுவும் ஒரு தராசுதான். ஆனால் இந்தத் தராசு இல்லை.

"காலனிப் பக்கம்ங்க" என்றார் இவர், குரல் மாறாமல்.

பெரியவர் முகமும் மாறவில்லை. அப்படியா என்றார். மோர் இன்னும் வேண்டுமா என்று கேட்டார். பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். சில நாள் கழித்துப் போன் வந்தது. பையன் ஊருக்கே திரும்பி வருகிறானாம், வீடு அவனுக்கு வேண்டியிருக்கிறதாம். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

நெய்வேலி என்று மட்டும் சொல்லியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. சொல்லியும்விட்டேன்.

"நெய்வேலின்னு சொல்லிகினே இத்தினி வருஷம் ஓட்டியாச்சு" என்றார். "ஊரே பள்ளத்துக்குள்ள பூட்ச்சி. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மட்டும் போவல, பாத்தியா."

அன்று அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். நான்தான் அடுப்படியில் பாத்திரங்களைக் காரணமில்லாமல் இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் வகுப்பில் மக்கள் அடர்த்தி பாடம். ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் என்று புத்தகம் சொல்கிறது. அந்தச் சதுரத்துக்குள் யார் எந்த மூலையில் என்று சொல்வதில்லை. பாதியிலேயே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளைகள் மணி அடித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு இவருடைய தேடலில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, கேட்காவிட்டாலும், தான் யார் என்று சொல்லிவிடுவார். பல வீடுகள் வாசலோடு முடிந்தன. ஓய்வு நாள் நெருங்கியது. பிரிவு உபசாரத்தில் சால்வை போட்டார்கள், ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள், எங்கே குடிபோகிறீர்கள் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

கடைசியில் குறிஞ்சிப்பாடியில் கைத்தறி நெசவுக் குடும்பங்கள் இருக்கும் ஒரு தெருவில் வீடு கிடைத்தது. உரிமையாளர் ஒரு விதவை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். முன்பகுதியில் ஒரே ஒரு தறியை வைத்துக்கொண்டு நெய்துவந்தார். மகன்கள் இருவரும் வெளியூரில். பக்கத்திலேயே இருந்த ஒரு மகனின் வீடுதான் வாடகைக்கு. இவர் வழக்கம்போல வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார், இன்ன ஊர், இன்ன பக்கம் என்று. அந்த அம்மா காலைத் தறியின் மிதிப்பலகையில் வைத்தபடி எங்களைப் பார்த்தார். கொழுந்தனாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அந்த வாக்கியத்தின் பல வடிவங்களைக் கேட்டுவிட்டதால் நான் பஸ் நேரம் பார்க்க ஆரம்பித்தேன்.

ஆனால் போன் வந்தது. வெள்ளிக்கிழமை வந்து பால் காய்ச்சிக்கொள்ளுங்கள் என்றார். கொழுந்தனார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. குடிபோன அன்று அவராகவே சொன்னார்: "அவரு வேணான்னுதாங்க சொன்னாரு. வூடு வருஷக்கணக்கா பூட்டிக் கெடக்குது. கரையான் தின்னுகினு இருக்குது. அவரா வந்து பெருக்கிக் குடுக்கப் போறாரு?"

இதைப் பெரிய மனது என்று சொல்வதா, வேறு வழியில்லாமை என்று சொல்வதா, எனக்கு இன்றும் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். ஆட்கள் வெளியேறிய தெரு அது. வருகிறவரை வேண்டாம் என்று சொல்லும் வசதி அதற்குக் குறைந்துகொண்டிருந்தது. இவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சுற்றிவளைக்காத பதில்.

குடிபோனது 2015இல். அந்த வருடக் கடைசியில் பெய்த மழையை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மேற்கே பெய்கிற மழையெல்லாம் கடலுக்குப் போக எங்கள் பக்கம்தான் வந்தாக வேண்டும். கடலோர மாவட்டத்துக்கு அதுதான் தலையெழுத்து என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், முழங்கால் தண்ணீரில் நின்று சொன்னதில்லை. நெய்யும்போது கால் வைக்கும் தறிக்குழி கிணறாகிவிட்டது. இவரும் நானும் அந்த அம்மாவைக் கைபிடித்து நடத்தி, பக்கத்துப் பள்ளியின் மாடிக்குக் கூட்டிப்போனோம். தெருவே அங்கே இருந்தது, கொழுந்தனார் உட்பட. இரண்டு பெரிய பாத்திரம் கிடைத்தது. நான் சமைத்தேன். அந்த அம்மா முதல் ஆளாகத் தட்டை நீட்டினார். கொழுந்தனார் தனக்குப் பசியில்லை என்றார். மறுநாள் பசித்தது.

பிறகு சென்னையும் மூழ்கியது. ஏரிக்குள் கட்டியது என்று நான் வேண்டாம் என்ற அந்த அடுக்குமாடிக்குள் தண்ணீர் ஏறவில்லை, வெளிச்சாலையோடு நின்றுவிட்டது. மேடான பழைய பகுதி, பயமில்லை என்று நான் சொல்லி, மகள் வாடகைக்கு இருந்த வீட்டில்தான் கட்டில் மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அவள் போனில் சிரித்தாள். என்னாலும் சிரிக்க முடிந்தது. பாதிதான் தெரிந்திருக்கிறது எனக்கு.

ஊரில் நிலைத்துவிட்டோமே, இவர் அமைதியாகிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. தறிச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே எழுந்துவிடுவார். பஸ் நிலையம் வரை நடப்பார். ஏறி எங்கேயாவது போய் மாலையில் வருவார். கடலூர், வடலூர், திருவதிகை. எதற்கு என்று கேட்டால் சும்மா என்பார். ஓய்வூதியத்தில் பாதி பஸ்காரனுக்குத்தான் என்று நான் சலித்துக்கொள்வேன்.

2018 வாக்கில் ஒருநாள் பஸ் நிலைய டீக்கடையில் ஒருவரோடு பேச்சு ஏற்பட்டிருக்கிறது. வளையமாதேவிப் பக்கத்து விவசாயி. நிலம் சுரங்கத்துக்காக எழுதி வாங்கப்பட்டுவிட்டது. வயலில் இன்னும் பயிர் வைக்கிறார்கள், ஆனால் எத்தனை போகத்துக்கு என்று தெரியாது. மனிதர் இப்போதே வாடகை வீடு தேடிக் கிளம்பியிருக்கிறார். இரண்டு ஊர்களில் பார்த்து அலுத்துப்போய் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இவர் அவரை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் தண்ணீர் நல்லது, எந்தத் தெரு மழைக்கு மூழ்கும், எந்த வீட்டுக்காரர் என்ன கேட்பார் என்று இவருக்கு மனப்பாடம். கூடவே போய் நான்கைந்து வீடு காட்டியிருக்கிறார்.

அந்த விவசாயி இவருடைய முன்னோர் ஒருகாலத்தில் யாருடைய வயலில் இறங்கினார்களோ அந்த மாதிரிக் குடும்பம். நீங்கள் யார் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, அடுத்த வீடு எங்கே என்று கேட்டாராம்.

அதிலிருந்து இவருக்கு அதுவே வேலையாகிவிட்டது. காசு வாங்குவதில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் ஒருவர் சொல்லி ஒருவர் தேடி வந்தார்கள். காலையில் புறப்பட்டால் மாலையில் செம்மண் படிந்த காலோடு வந்து, வாசல் குழாயில் கழுவியபடியே அன்றைய கதையைச் சொல்வார். ஒருநாள் இவர் வாடிய முகத்தோடு வந்தார்.

"இன்னிக்கி வூடு தேடி வந்தவருக்கு மாடு கட்ட எடம் வேணுமாம். ரெண்டு மாடு. வூடு புடிச்சிருக்குது, மாட்ட எங்க வுடறதுன்னு நிக்கிறாரு."

மாட்டை விற்றுவிடச் சொல்லலாமே என்றேன். நான் என்ன பேசுகிறேன் என்பது போல் என்னைப் பார்த்தார்.

"விக்க மாட்டாரு. நாளைக்கு வடலூர் ரோட்டுல ஒண்ணு பாக்கணும். பின்னால காலி மனை இருக்குதாம். நீயும் வரியா?"

எனக்கு அப்போது முட்டி வலி. பஸ் படி ஏற முடியாது. வருகிறேன் என்றுதான் சொன்னேன். காலையில் சீக்கிரம் சோறு வடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினேன்.